காந்த இரட்டைப் படலங்களில் ஸ்பின் அலை மின்னழுத்தம்

காந்தப் படலம் ஒன்றின் மேல் பிளாட்டினம் போன்ற காந்தமற்ற உலோகத்தை மெல்லியதாகப் படியவைத்தால் கிடைப்பது காந்த இரட்டைப் படலம். நுண்ணலையைப் பாய்ச்சிக் காந்தத்தில் ஸ்பின் அலைகளை எழுப்பும்போது, அதன் காந்தமாக்கம் சாய்ந்தாடும் பம்பரத்தின் அச்சைப் போல் சுற்றிவரும். அப்போது படலத்தின் இரு முனைகளுக்கிடையே சிறியதொரு நேர்திசை மின்னழுத்தம் தோன்றும். அதை அளப்பதில் பெரிய சிரமம் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நெடுங்காலம் சிக்கல் நீடித்தது.

இதன் முதல் விளக்கத்துக்கு இரண்டாவது படலமே தேவைப்படவில்லை. காந்தமாக்கத்தின் திசைக்கேற்ப உலோகத்தின் மின்தடை மாறும் என்பதை 1850களிலேயே வில்லியம் தாம்சன் கண்டிருந்தார். 1960இல் ஜூரெட்ஷ்கே அதை நுண்ணலைக்குப் பொருத்தினார். காந்தமாக்கம் சுற்றும்போது மின்தடை அலைவுறுகிறது. நுண்ணலை தூண்டும் மின்னோட்டமும் அதே அதிர்வெண்ணில் அலைவுறுகிறது. இரண்டையும் பெருக்கினால் நேர்திசைப் பகுதி ஒன்று மிஞ்சும். இதுவே ஸ்பின் அலைதிருத்தம்.

2002இல் செர்கோவ்னியாக், பிராட்டாஸ், பவர் மூவரும் வேறொரு வழியைக் கோட்பாடாக வகுத்தனர். சுற்றும் காந்தமாக்கம் தன் ஸ்பினை அடுத்துள்ள உலோகத்துக்குள் இறைக்கிறது என்பது அவர்கள் முடிவு. பிளாட்டினத்துக்குள் நுழையும் அந்த ஸ்பின் ஓட்டம் பக்கவாட்டில் மின்னோட்டமாக மாறுகிறது. இதற்கு நேர்மாறு ஸ்பின் ஹால் விளைவு என்று பெயர். ஜப்பானில் எய்ஜி சைட்டோவின் குழு 2006இல் நிக்கல்-இரும்பு, பிளாட்டினம் இரட்டைப் படலத்தில் இத்தகைய மின்னழுத்தத்தை அளந்தது. மாதிரியை நுண்ணலைக் குழிவில் மின்புலம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் வைத்தது, பழைய அலைதிருத்தம் உள்ளே நுழையாதிருக்கச் செய்த ஏற்பாடு.

எல்லாக் கருவிகளிலும் அப்படி வைக்க முடியாது. சில்லு மேல் அமைந்த நுண்ணலைத் தடங்களில் இரு மின்னழுத்தங்களும் கலந்தே வரும். 2010இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தார் ஒத்ததிர்வுக் கோட்டின், அதாவது காந்தப்புலத்தை மாற்றும்போது மின்னழுத்தம் காட்டும் வளைகோட்டின், வடிவத்தைக் கொண்டு அவற்றைப் பிரித்தனர்: சமச்சீரான பகுதி ஸ்பின் இறைப்பு, சமச்சீரற்ற பகுதி அலைதிருத்தம். கையாள எளிது என்பதால் இம்முறை வேகமாகப் பரவியது. ஆனால் அடுத்த ஆண்டே கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகக் குழு இதன் அடிப்படையைக் கேள்விக்குள்ளாக்கியது. நுண்ணலையின் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் இடையிலுள்ள கட்ட வேறுபாட்டைப் பொறுத்து அலைதிருத்தமும் சமச்சீராகத் தோன்றக்கூடும் என்று அது காட்டியது. கட்டமோ கருவிக்குக் கருவி மாறுவது. ஆகவே கட்டத்தை அறியாமல் கோட்டின் வடிவத்தை மட்டும் நம்பிச் சொன்ன எண்கள் ஐயத்துக்குரியவை.

2013இல் அதே மனிடோபா குழு பங்கேற்ற ஆய்வு, கோட்டின் வடிவத்தை விட்டுவிட்டுச் சமச்சீர்மையைப் பிடித்துக்கொண்டது. காந்தப்புலத்தின் கோணத்தை மாற்றும்போதும் திசையை நேரெதிராகத் திருப்பும்போதும் இரு மின்னழுத்தங்களும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. ஸ்பின் ஓட்டம் எந்த அளவுக்கு மின்னோட்டமாக மாறுகிறது என்பதைக் குறிக்கும் எண் ஸ்பின் ஹால் கோணம். அவ்வழியில் பிளாட்டினத்துக்கு அது 0.021 ± 0.015 எனக் கிடைத்தது. பிழை எல்லை பெரிதுதான். ஆயினும் கருவியின் வடிவமைப்பைச் சாராத எண் என்பதால் மதிப்புடையது.

காந்தத்தையே மின்கடத்தாப் பொருளாக்குவது இன்னொரு தீர்வு. இட்ரியம் இரும்பு கார்னெட்டில் மின்னோட்டம் பாயாததால், காந்தத்துக்குள் நிகழும் ஜூரெட்ஷ்கே வழி அடைபட்டுவிடுகிறது. 2010இல் சைட்டோ குழுவினர் இப்படலத்தின் மேல் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு பிளாட்டினத் துண்டுகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஸ்பின் அலை வழியே சமிக்ஞை அனுப்பினர். எனக்கு இவற்றுள் மிகத் தெளிவான சான்றாகப் படுவது ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் குழு 2012இல் வெளியிட்ட சோதனை. குறுகிய ஸ்பின் அலைத் துடிப்பு ஒன்றை ஏவி, 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்த பிளாட்டினத்தில் மின்னழுத்தத்தை அளந்தார்கள். அது தாமதமாக வந்தது. மின்காந்தக் கசிவாக இருந்தால் உடனே வந்திருக்கும். தாமதம் ஸ்பின் அலையின் வேகத்துக்கு உரியது.

அத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. கார்னெட்டின் காந்தமாக்கத் திசைக்கேற்பப் பிளாட்டினத்தின் மின்தடையே சிறிது மாறுவது 2013இல் வெளிவந்தது. அதாவது, அலைதிருத்தத்துக்கு வேறொரு வாசல் திறந்தது. நுண்ணலை மாதிரியைச் சூடாக்கினால், அந்த வெப்பநிலை வேறுபாடும் ஸ்பின் ஓட்டத்தைக் கிளப்பி மின்னழுத்தம் தரும். அதனால் மின்னழுத்தத்தின் குறியைக்கூட ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியிருந்தது. கார்னெட்-பிளாட்டினப் படலங்களை வெவ்வேறு அமைப்புகளில் நுண்ணலையாலும் வெப்பத்தாலும் சோதித்த கூட்டு ஆய்வு 2015இல் வெளியானது. முடிவுகள் ஒன்றோடொன்றும் கோட்பாட்டோடும் ஒத்துவந்தன. ஸ்பின் ஹால் கோணத்தின் நேர்க்குறியை வரையறுக்க வலக்கை விதி ஒன்றை அது முன்வைத்தது.