மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (6 ஏப்ரல் 1815 – 1 பிப்ரவரி 1876) தமிழ்ப் புலவர். அதைவிட முதன்மையாகத் தமிழாசிரியர். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் இருந்து, தம்மிடம் வந்தவர்களுக்குச் சம்பளம் வாங்காமல், பலருக்குச் சோறும் போட்டுப் பாடம் சொன்னவர். 20க்கு மேற்பட்ட தலபுராணங்களும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என ஏராளமான சிற்றிலக்கியங்களும் இயற்றியிருந்தாலும், இன்று அவரைப் பலரும் அறிவது உ. வே. சாமிநாதையரின் ஆசிரியராகத்தான்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் பிறந்தார். தந்தை சிதம்பரம் பிள்ளையே முதல் ஆசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்தபின், யாருக்கு எந்த நூல் தெரியும் என்று தேடித் தேடிப் படித்தார். தண்டியலங்காரத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் வீடு வீடாகப் பிச்சை எடுத்து வந்த ஒரு பரதேசி. அவர் பின்னாலேயே அலைந்து, வேண்டிய பணிவிடைகளைச் செய்து அந்த நூலைக் கற்றார். கல்விக்காகத் தாம் பட்ட பாடு தம்மிடம் வருபவனுக்கு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, பிற்காலத்தில் பாடம் கேட்க வந்த யாரையும் அவர் அலைக்கழித்ததில்லை.

1860இல் மாயூரத்தில் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனம் ‘மகாவித்துவான்’ பட்டம் அளித்தது. ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டபடி தலபுராணம் பாடுவதும் அரங்கேற்றத்தில் கிடைக்கும் சன்மானமுமே முக்கிய வருமானம். செய்யுளை அவர் வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். எழுதுபவருக்குத்தான் கை ஓயும். கையில் பணம் வந்தால் வீட்டில் கூட்டம் சாப்பிடும், தீர்ந்தால் கடன். ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தவருக்கு வீட்டில் எண்ணெய் இல்லை. நிலைமையைப் புரிந்துகொண்ட சாமிநாதையர் தம்மிடம் இருந்த காசோடு கடைக்கு ஓடி எண்ணெய் வாங்கி வந்தார். பெரும்புலவர் ஒருவர் வீட்டு நிலை அது.

சாமிநாதையர் 1871இல் மாயூரம் வந்து சேர்ந்தார். ஆசிரியர் அப்போது புது வீட்டுக் கொல்லையில் மரஞ்செடிகள் வைத்திருந்தார்; காலையில் எழுந்ததும் எது துளிர்த்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். மாணவர் அவருக்கு முன்பே எழுந்து துளிர்களைத் தேடிவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஆசிரியர் மனம் மகிழ்வார்; அந்த வேளை பார்த்துப் பாடமும் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தந்திரத்தைச் சாமிநாதையரே ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார்.

பாடம் கேட்க மதம் தடையாக இருக்கவில்லை. சைவ மடத்து வித்துவானிடம் கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை உடனிருந்து படித்தார். முஸ்லிமான நாகூர்க் குலாம் காதர் நாவலரும் அவருடைய மாணவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை நெருங்கிய நண்பர். அந்தக் கிறிஸ்தவ நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். சங்கீதத்தில்தான் அவருக்குப் பிடித்தமில்லை: கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை பயின்றதை விரும்பவில்லை, மாணவரும் அதை விட்டுவிட்டார்.

அவருடைய பாடத்திட்டம் அந்தக் காலத்து மடத்துக் கல்விதான்: அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம், இலக்கணம். சங்க நூல்களும் சீவக சிந்தாமணி போன்ற பழைய காப்பியங்களும் அதில் இடம்பெறவில்லை. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோது சாமிநாதையர் அதைப் படித்திருக்கவில்லை. பழைய நூல்களைத் தேடிப் பதிப்பிக்கும் வேலை அங்கிருந்து தொடங்கியது. ஆசிரியர் சொல்லித்தராத நூல்கள் அவை. ஆனால் உரையில்லாத செய்யுளையும் பிரித்துப் பொருள் காணும் பழக்கம் மாயூரத்தில் வந்தது. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் வேலையும் ஆசிரியர் வழியாக வந்ததே: ஓய்வுபெற்றபோது தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவர்.

திருவாவடுதுறையில் பிள்ளை இறந்தபோது கடன் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1933, 1934ஆம் ஆண்டுகளில் சாமிநாதையர் அவருடைய வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். தமிழில் ஓர் ஆசிரியரைப் பற்றி மாணவர் எழுதியவற்றுள் இவ்வளவு விரிவானது அரிது. தம் ஆசிரியருடைய வறுமையையும் கடன்களையும் அதில் அவர் மறைக்கவில்லை.