மணலுக்குள் நாற்பத்திரண்டு ஆண்டுகள்

உடைந்த பொருளைத் தூக்கி எறிவோரும் உண்டு. செப்பனிட்டு வைத்துக்கொள்வோரும் உண்டு. அப்பொருள் ஓர் உயிரையும் வாங்கிவிட்டது என்றால் இவ்விரண்டுக்கும் மனம் ஒப்புவதில்லை. கண்ணில் படாத இடத்தில் அதை மறைத்துவிடவே தோன்றுகிறது. 1927ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் தென்கரையில், பென்டைன் என்ற சிற்றூரின் மணற்குன்றுகளுக்கிடையே ஒரு பந்தயக் கார் அவ்வாறு மறைக்கப்பட்டது. அதன் இருக்கைகளைக் கிழித்து, அளவுமானிகளின் கண்ணாடிகளை உடைத்து, குழி வெட்டிப் புதைத்தார்கள். ‘பேப்ஸ்’ என்பது அக்காரின் பெயர்.

தமிழ் கற்பிக்கும் ஒருவன் கார்களைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அக்காரைத் தோண்டி எடுத்து உயிர்ப்பித்தவர் என்னைப் போன்ற ஒரு கல்லூரி ஆசிரியர் என்பதுதான் என்னை இவ்வரலாற்றின்பால் ஈர்த்தது.

பேப்ஸ் பிறந்ததே பழைய பொருட்களிலிருந்துதான். முதல் உலகப் போரின்போது விமானங்களுக்காக அமெரிக்காவில் ‘லிபர்ட்டி’ என்ற எஞ்சின் வடிவமைக்கப்பட்டு, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. போர் ஓய்ந்தபின் அவை தேவைக்கு மிஞ்சிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வாழ்ந்த கவுண்ட் லூயி ஸ்பரோவ்ஸ்கி என்ற செல்வந்தர் பெற்று ஒரு காருக்குள் பொருத்தினார். பன்னிரண்டு சிலிண்டர்கள், 27 லிட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 450 குதிரைத்திறன். இவ்வளவு ஆற்றலையும் பின்சக்கரங்களுக்குக் கடத்த, போருக்கு முந்தைய பென்ஸ் பந்தயக் காரின் கியர்ப் பெட்டியும் இருபுறமும் இரண்டு சங்கிலிகளும் இருந்தன. தம் மாளிகையின் பெயரால் அவர் அதை ‘ஹைம் ஸ்பெஷல்’ என்று அழைத்தார். 1924 அக்டோபரில் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் வேறொரு காரை ஓட்டியபோது அவர் இறந்துபோனார்.

உரிமையாளரை இழந்த அக்காரை 125 பவுண்டுக்கு வாங்கியவர் ஜே. ஜி. பாரி தாமஸ். வேல்ஸ் மண்ணில் பிறந்த பொறியாளர்; லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்து பின்னர் பந்தயங்களுக்கே தம்மை ஒப்படைத்தவர். தரைவேகச் சாதனையில் அவருடைய போட்டியாளர்களுள் பொருள்வளம் மிக்கோர் இருந்தனர். தாமஸுக்கு வாய்த்தது ஒரு பழைய காரும் அதைத் திருத்தும் அறிவும்தான். தாமே வடிவமைத்த பிஸ்டன்களையும் நான்கு கார்புரேட்டர்களையும் பொருத்தினார். காற்றைக் கிழித்துச் செல்லும்படி மேலுடலை மாற்றி அமைத்தார். 1926 ஏப்ரல் 27, 28 ஆகிய நாட்களில் பென்டைன் கடற்கரையில் இரண்டு முறை உலகச் சாதனை படைத்தார். இரண்டாவது நாளின் வேகம் மணிக்கு 171.02 மைல், அதாவது ஏறத்தாழ 275 கிலோமீட்டர்.

1927 பிப்ரவரியில் மால்கம் கேம்பெல் அதே கடற்கரையில் 174.88 மைல் வேகத்தை எட்டி அச்சாதனையை முறியடித்தார். மார்ச் 3ஆம் நாள், இழந்ததை மீட்கத் தாமஸ் மீண்டும் அம்மணலில் பேப்ஸைச் செலுத்தினார். பெருவேகத்தில் கார் நிலைதடுமாறிப் புரண்டது. தலையில் ஏற்பட்ட கொடுங்காயத்தால் அவர் அங்கேயே மாண்டார். தரைவேகச் சாதனை முயற்சியில் காரோட்டி உயிரிழந்தது அதுவே முதல்முறை. வலப்புறச் சங்கிலி அறுந்து கிடந்ததைக் கண்டவர்கள், அதுவே பாய்ந்து அவரைக் கொன்றது என்று முடிவு கட்டினார்கள். சங்கிலி குற்றவாளியாயிற்று, கார் மண்ணுக்குள் போயிற்று. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சான்று எதுவும் மண்ணுக்கு மேல் மிஞ்சவில்லை.

வேல்ஸின் வடபகுதியில், கேப்பல் கியூரிக் என்ற மலைக்கிராமத்தில் வாழ்ந்தவர் ஓவன் வின் ஓவன். பாங்கர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் விரிவுரையாளர். பழைய கார்களில் ஈடுபாடு மிக்கவர். பேப்ஸைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று அவர் விரும்பியபோது, காரைப் புதைத்த இடம் இராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்களுடைய அனுமதி வேண்டும். இறந்தவரின் உறவினருடைய இசைவும் வேண்டும். எதிர்ப்பும் எழாமல் இல்லை. கல்லறையைக் கலைப்பது போன்ற செயலாக அது சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அவ்வுணர்வை எள்ளிவிட முடியாது. ஆனால் தாமஸின் உடல் ப்ரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்துக்கு அருகே பைஃப்ளீட் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பென்டைனில் கிடந்தது அவருடைய உழைப்பு மட்டுமே. 1969இல் அது வெளியே வந்தது.

உப்பு மணலில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் கிடந்த உலோகம் என்ன ஆகும்? மேலுடலின் தகடுகள் பெரிதும் அரிக்கப்பட்டிருந்தன. ஆயினும் எந்திரப் பகுதிகள் பல மீட்கத்தக்க நிலையில் இருந்தன. கல்லூரி வேலைக்கிடையே, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஓவன் அக்காரோடு மல்லுக்கட்டினார்.

பணம் ஏராளமாக உள்ளவர் ஒரு பழைய காரைப் புதுப்பிக்கும்போது, ஐயத்துக்குரிய பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது செய்து மாட்டிவிட முடியும். கார் பளபளக்கும், ஆனால் அது பழைய கார்தானா என்ற கேள்வி எஞ்சும். கைப்பொருள் குறைந்தவருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு துண்டையும் துடைத்து, ‘இது இன்னும் தாங்குமா?’ என்று பார்த்தாக வேண்டும். அவ்வாறு பார்க்கும்போதுதான் அது எப்படி வளைந்தது, எதன்மேல் மோதியது என்பதும் தெரியவருகிறது. சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பிவிடும் பதிப்பாசிரியரிடம் நூல் அழகாக இருக்கும். எஞ்சிய எழுத்தின் கீற்றையும் விடாமல் பார்ப்பவரிடம்தான் மூலபாடம் பிழைக்கிறது.

பேப்ஸிலும் அதுவே நேர்ந்தது. மீட்டெடுத்த பகுதிகளை ஆராய்ந்ததிலிருந்து வேறொரு விளக்கம் உருவாயிற்று. முதலில் சிதைந்தது வலப்புறப் பின்சக்கரமாக இருக்கலாம்; சங்கிலி அறுந்தது அதன் விளைவாக இருக்கலாம் என்பது அவ்விளக்கம். இதை முடிந்த முடிபு என்று கொள்வதற்கில்லை. ஆனால் கண்ணெதிரே அறுந்து கிடந்த ஒன்றையே காரணமாகக் கருதிய பழைய தீர்ப்பு தன் உறுதியை இழந்தது. பேப்ஸ் மணலுக்குள்ளேயே இருந்திருந்தால் தாமஸின் மரணத்தைப் பற்றி ஒரே ஒரு கதைதான் நம்மிடம் இருந்திருக்கும்.

மீண்டும் உறுமத் தொடங்கிய பேப்ஸ் பின்னாட்களில் பென்டைன் அருங்காட்சியகத்திலும் ப்ரூக்லாண்ட்ஸிலும் காட்சிக்கு நின்றது. 1927இல் அதைப் புதைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். துக்கத்துக்கு அப்போது வேறு வழி தெரிந்திருக்காது. எனினும் தாமஸ் ஒரு பொறியாளர். தம் கார் எந்த இடத்தில் முறிந்தது என்று அறிய, வேறெவரையும்விட அவரே அதிகம் விரும்பியிருப்பார். அந்தக் கேள்வியை அவர் சார்பில் எழுப்ப இன்னொரு பொறியாளர் வர நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.