கொடையும் குடையும்: ஒலி மாற்றத்தின் ஒழுங்கு



நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், ‘மழை பெய்ததால் கொடை பிடித்தேன்’ என்று எழுதியிருந்தான். நான் அச்சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘கவனக்குறைவு’ என்று குறித்தேன். அக்குறிப்பு பிழையானது என்பதைப் பின்னாளில் எனக்கு உணர்த்தியது ஜெர்மானிய மொழிகளின் வரலாறு.

எழுத்தாளர் டோல்கியன் (1892–1973) தம் பள்ளி நாள்களில் ஜோசப் ரைட் இயற்றிய கோத்திக் மொழிப் பாடநூலைப் பெற்று, அம்மொழியின்மீது பெருங்காதல் கொண்டார். வழக்கொழிந்த அந்த ஜெர்மானிய மொழிக்கு 4ஆம் நூற்றாண்டு விவிலிய மொழிபெயர்ப்பின் எஞ்சிய பகுதிகளே முதன்மைச் சான்று. ஆதலின், கிடைக்காத சொற்களை அவர் தாமே உருவாக்கினார். 1936இல் அவருடைய கோத்திக் கவிதை ஒன்றும் அச்சேறியது. அவர் மனம்போன போக்கில் சொல் புனையவில்லை. உறவு மொழிகளை ஒப்பிட்டு, ஜேக்கப் கிரிம் முதலிய 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் கண்ட ஒலி விதிகளின் வழியே சென்றார்.

கற்பனை ஜெர்மானிய மொழி ஒன்றை நாமே வடிவமைப்பதாகக் கொள்வோம். மூல மொழியில் பாதத்தைக் குறிக்கும் சொல் ஏறத்தாழ ‘ஃபோத்’. அதன் பன்மை ‘ஃபோதிஸ்’. இரு விதிகளை அமைப்போம். ஒன்று, பின்வரும் இகரம் முன்னுள்ள ஓகாரத்தை ஏகாரமாக்கும். இகரத்தை ஒலிக்க நா முன்னதாகவே ஆயத்தமாவதே அதற்குக் காரணம். மற்றொன்று, சொல்லின் ஈற்றசை தேய்ந்து மறையும்.

முதல் விதி முந்தினால் பன்மை ‘ஃபேத்’ ஆகும். இரண்டாம் விதி முந்தினாலோ, மாற்றத்தைத் தூண்டும் இகரமே மறைந்துவிடும்; ஒருமையும் பன்மையும் ‘ஃபோத்’ என்றே நிற்கும். விதிகள் அவையே, வரிசை மாறினால் மொழியே வேறாகிறது. பழைய ஆங்கிலத்தில் நிகழ்ந்தது முதல் வரிசை. பின்னர் நெடில்கள் மேலும் திரிந்தமையால், இன்று ‘ஃபுட்’, ‘ஃபீட்’ என்கிறோம்.

இகரம் மட்டுமன்றி அகரமும் இவ்வாறு இழுக்கும். பொன்னைக் குறிக்கும் மூலச் சொல்லின் முதலுயிர் உகரம். ஈற்றில் அகரச் சாயல் இருந்தது. கோத்திக் அந்த உகரத்தைக் காத்து ‘குல்த்’ என்றது. ஆங்கிலத்தில் ஈற்று அகரத்தின் ஈர்ப்பால் அது ஒகரமாகி, ‘கோல்ட்’ பிறந்தது.

இங்கேதான் என் மாணவன் நினைவுக்கு வந்தான். நம் பேச்சு வழக்கில் ‘இலை’ ‘எலை’ ஆவதும், ‘குடை’ ‘கொடை’ ஆவதும் இதே வகை மாற்றமன்றோ? பின்வரும் ஐகாரம் முன்னுள்ள இகரத்தை எகரமாகவும், உகரத்தை ஒகரமாகவும் தாழ்த்துகிறது. ‘புலி’ என்பதைப் ‘பொலி’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. அங்கே ஐகாரமோ அகரமோ பின்வரவில்லை. அம்மாணவன் கவனமின்றி எழுதவில்லை. தன் காது அறிந்த விதியை வழுவாமல் பின்பற்றினான்.

எழுத்து வழக்கில் ‘கொடை’ ஈகையைக் குறிப்பதால், இன்றும் நான் அதைத் திருத்தவே செய்கிறேன். ஆனால் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதில்லை. ‘நீ பேசுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு, எழுதும்போது இதன் வடிவம் குடை’ என்று விளக்குகிறேன். வீட்டில் பிள்ளைகளின் ஏட்டைத் திருத்தும் பெற்றோரும் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.