பேசத் தொடங்கிய படங்களும் குரல் கிடைக்காத மனிதரும்

சினிமா என்ற பேச்சு எழுந்தால் எங்கட வீடுகளில் அது சென்னையில் தொடங்கிச் சென்னையிலேயே முடிந்துவிடும். சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று விடிய விடியக் கதைக்க எம்மவர்க்குத் தெம்பு உண்டு. ஆனால் நாம் குடியிருக்கும் இந்த லண்டன் மாநகரமும் ஒரு காலத்தில் பெரிய சினிமாப் பட்டினமாக இருந்தது. துவிக்கன்ஹாமிலும் ஈலிங்கிலும் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலும், லண்டனை அடுத்த எல்ஸ்ட்ரீயிலும் 1930களில் படத்துக்கு மேல் படமாக எடுத்துத் தள்ளினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று வெள்ளைக்காரரே மறந்துவிட்டார்கள்.

1980களின் நடுப்பகுதியில் இங்கு வந்து சேர்ந்தவன் நான். இரவு வேலை முடிந்து வந்து, பகலில் நித்திரை வராமல் கிடந்த நாட்களில், பின்னேரங்களில் ரீவியில் போன கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஆங்கிலம் பழகத்தான் பார்த்தேன். இப்போதைய ஆட்களைப் போல வாய்க்குள் விழுங்காமல், அந்தக் காலத்து நடிகர்கள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொல்லுவார்கள், எனக்கு விளங்கியது. பின்னணியில் மட்டும் தாச்சியில் வடை பொரிகிறது போல ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். "அப்பா, இந்தப் பழைய குப்பையை ஏன் பார்க்கிறியள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஆறுதலாக எழுதும் பதில் என்று இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளலாம்.

ஒருத்தியின் வாய், இன்னொருத்தியின் குரல்

பிரித்தானியாவின் பேசும் பட வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக 1929இல் வெளிவந்த 'பிளக்மெயில்' படத்தில் தொடங்குவார்கள். இயக்கியவர் அல்பிரட் ஹிச்கொக்; எடுத்த இடம் எல்ஸ்ட்ரீ. படம் பிரபலமானதுதான். அதற்குள் கிடக்கும் கதைதான் நம்மவர் அதிகம் அறியாதது.

அது மௌனப் படமாகத்தான் தொடங்கியது. எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேசும் படக் காய்ச்சல் அமெரிக்காவிலிருந்து வந்து சேர, படத்தைப் பேச வைக்க முடிவாயிற்று. கதாநாயகி அனி ஒண்ட்ரா, செக் நாட்டுப் படங்களில் பெயர் எடுத்த நடிகை. கதையிலோ அவர் லண்டன் சுருட்டுக் கடைக்காரர் ஒருவரின் மகள். வாய் பேசாத படத்தில் இது ஒரு பிரச்சினையே அல்ல. பேசும் படத்தில் அவருடைய உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். குரலைப் பிறகு ஒட்டுகிற வசதி அந்த நாளில் இருக்கவில்லை. ஆகவே ஜோன் பரி என்ற ஆங்கில நடிகையைக் கமராவுக்குத் தெரியாத பக்கத்தில், மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் வசனத்தைச் சொல்ல, அதே நேரம் அனி ஒண்ட்ரா வாயை மட்டும் அசைத்தார். படம் பெரு வெற்றி. ஆனால் அந்த நடிகை பிரித்தானியப் படங்களில் நிலைக்கவில்லை.

இதை அறிந்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஹிச்கொக்கின் கெட்டித்தனம் கண்ணில் படவில்லை. வைத்தியரிடம் போகும்போது எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போகிற எங்கட தாய்மார்தான் நினைவுக்கு வந்தார்கள். நோவு தாய்க்கு, சொல்லுகிறது பிள்ளை. ஊரில் மேடை ஏறிப் பேசியவர்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள் இங்கே ரெலிபோன் மணி அடித்தால் பிள்ளையைக் கூப்பிட்டு விடுகிறார்கள். உச்சரிப்பைப் பார்த்து ஆளை எடைபோடுகிற வழக்கம் நாம் வந்த பிறகு தொடங்கியதல்ல. சினிமா பேசத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அது ஸ்ரூடியோவுக்குள்ளும் இருந்தது.

அவசரத்தில் அவித்த படங்கள்

பேசும் படம் வந்த காலத்தில் பிரித்தானிய சினிமா உயிர் தப்பியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1920களின் நடுவில் இங்கே திரையிடப்பட்ட படங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 மாத்திரமே உள்நாட்டுப் படங்கள். மற்றவை பெரும்பாலும் ஹொலிவூட் சரக்கு. அதனால் 1927இல் பாராளுமன்றம் ஒரு சினிமாச் சட்டத்தை நிறைவேற்றியது. தியேட்டர்காரர் நூற்றுக்கு 5 வீதம் பிரித்தானியப் படம் காட்டவேண்டும். விநியோகிப்பவர் நூற்றுக்கு 7.5 வீதம் வைத்திருக்கவேண்டும். இது படிப்படியாக 20 வீதம் வரை உயரும்.

அமெரிக்கக் கொம்பனிகள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. கணக்குக் காட்டுவதற்காக மலிவான படங்களை இங்கேயே எடுப்பித்தன. படச்சுருளில் ஓர் அடிக்கு ஒரு பவுண் என்பது பேச்சு வழக்கான விலை. ஒரு முழுப் படம் ஆறாயிரம் பவுணுக்குள் முடிந்துவிடும். இவற்றுக்குக் 'கோட்டா குவிக்கி' என்று கேலிப் பெயர். காலையில் கொட்டகை கூட்ட வருகிற பெண்களுக்கு முன்னால் இவற்றை ஓடவிட்டு, சட்டம் நிறைவேறிற்று என்று எழுதிக்கொள்வார்களாம் என்று ஒரு பகிடிக் கதையும் உண்டு.

இவை எல்லாம் நல்ல படங்கள் என்று நான் சொல்லவில்லை. பல படங்கள் பழைய நாடகத்தைக் கமரா முன் நடத்தியது போலத்தான் இருக்கும். ஆனால் 1933இல் துவிக்கன்ஹாமில் எடுத்த 'த கோஸ்ட் கமரா' என்ற சின்னப் படத்தைப் பாருங்கள். மருந்து கலக்கிக் கொடுக்கும் ஒருவரின் காருக்குள் யாரோ ஒருவரின் கமரா விழுந்துவிடுகிறது. உள்ளே இருந்த படங்களைக் கழுவிப் பார்த்தால் ஒரு கொலைக்குத் துப்புக் கிடைக்கிறது. நடித்தவர்களில் பின்னாளில் புகழ் பெற்ற ஜோன் மில்ஸும், பதின்ம வயதுப் பெண்ணாக ஐடா லுப்பினோவும் இருக்கிறார்கள். படத்தொகுப்பு டேவிட் லீன். 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' எடுத்த அதே மனிதர். மைக்கல் பவல் என்ற பெரிய இயக்குநரும் 1931க்கும் 1936க்கும் இடையில் இப்படி இருபதுக்கு மேற்பட்ட அவசரப் படங்களில்தான் தொழில் பழகினார். வந்த புதிதில் கிடைத்த வேலையைச் செய்து, அதற்குள்ளேயே தொழில் கற்றுக்கொண்ட எம்மவர்க்கு இது புதினமான செய்தி அல்ல.

அகதிகள் வந்த ஸ்ரூடியோக்கள்

1933இல் ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பேர்ளின் ஸ்ரூடியோக்களிலிருந்து யூதக் கலைஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் லண்டனுக்கு வந்தார்கள். கொன்ராட் வைட் என்ற பெரும் நடிகர் யூதர் அல்லர். அவர் மனைவி யூதப் பெண். அவரும் அந்த ஆண்டே நாட்டை விட்டார். இங்கே வந்து 'த வொண்டரிங் ஜூ' (1933), 'ஜூ சூஸ்' (1934) என்று யூதர் பட்ட துன்பத்தைக் காட்டும் படங்களில் தனது ஜேர்மன் உச்சரிப்போடேயே நடித்தார். இரண்டாவது படத்தின் பெயரில் நாஜிகள் 1940இல் யூத எதிர்ப்புப் படம் ஒன்று எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக்கூடாது.

ஹங்கேரியில் பிறந்த யூதரான எமெரிக் பிரெஸ்பேர்கர் பேர்ளினில் கதை எழுதியவர். அங்கிருந்து பாரிஸுக்கு ஓடி, 1935இல் லண்டன் வந்தார். ஆங்கிலத்தை இங்கேதான் பழகினார். பிறகு மைக்கல் பவலோடு சேர்ந்து 1939இல் 'த ஸ்பை இன் பிளாக்' படத்துக்குக் கதை எழுதினார். அதில் கதாநாயகன் கொன்ராட் வைட். ஆங்கிலேயரே தங்கள் தேசத்தின் குரல் என்று கொண்டாடும் பல படங்களைப் பின்னர் எழுதியவர் இந்த அகதிதான். அனி ஒண்ட்ராவின் குரலை மறைத்த பத்து ஆண்டுக்குள் இந்த மாற்றம். அது தானாக வரவில்லை. வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

எல்லோருக்கும் அந்த இடம் கிடைத்ததா? அதுதான் இல்லை. 'சாண்டர்ஸ் ஒஃப் த ரிவர்' (1935) படத்தில் கறுப்பினப் பாடகர் போல் ரோப்சன் நடித்தார். வெளிவந்த படமோ வெள்ளை அதிகாரியைப் புகழும் படமாக இருந்தது. அவர் மனம் வெறுத்துப்போனார். அதில் சிறு வேடத்தில் தோன்றியவர்களில் ஒருவர், அப்போது லண்டனில் இருந்த ஜோமோ கென்யாட்டா; பிற்காலத்தில் கென்யாவின் ஜனாதிபதி. அடுத்து 'சோங் ஒஃப் ஃப்ரீடம்' (1936) படத்தில் லண்டன் துறைமுகத் தொழிலாளியாக நடித்தபோது, படத்தின் இறுதி வடிவத்தில் தனக்கும் சொல் இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் ரோப்சன்.

எங்கட மலையகம் வாய் பேசாத படம்

இனி எங்களுக்கு மிக அருகில் உள்ள படத்துக்கு வருவோம். 'சோங் ஒஃப் சிலோன்', 1934. தேயிலை விளம்பரத்துக்காக, இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுத்த படம். இயக்கியவர் பசில் றைற் என்ற இளைஞர். தயாரிப்பு ஜோன் கிரியர்சன். நாலு சிறு விளம்பரப் படங்களாக வரவேண்டியது, நாலு பகுதி கொண்ட ஒரே படமாகி, 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது.

காட்சிகள் இலங்கையில் எடுக்கப்பட்டன; ஒலி லண்டன் பிளக்ஹீத்தில் சேர்க்கப்பட்டது. பின்னணியில் கேட்கும் குரல், கொழும்பைச் சேர்ந்த படக் கலைஞரும் பியானோக் கலைஞருமான லயனல் வென்ட் உடையது. அவர் வாசிப்பது றொபேட் நொக்ஸின் புத்தகம். 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் அவர். புத்தகம் 1681இல் லண்டனில் வெளிவந்தது.

மூன்றாம் பகுதிக்கு 'வணிகத்தின் குரல்கள்' என்று பெயர். அதில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வருகிறார்கள். கைகள் ஓயாமல் ஓடுகின்றன. மேலே கேட்பது லண்டனிலிருந்து விலை நிலவரமும் வியாபாரக் கடிதமும் தந்திச் சத்தமும். றைற் இதைத் தெரிந்தே செய்தார். கொழுந்து ஒருவர் கையில், விலை இன்னொருவர் வாயில் என்பதைக் காட்டவே அந்த ஒலிகளை அடுக்கினார் என்று நினைக்கிறேன். படம் அழகு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கொழுந்து பறித்த அந்தத் தமிழ்ப் பெண்கள் தங்கள் வாழ்வைப் பற்றி ஒரு சொல்லேனும் சொல்ல அந்தப் படத்தில் இடமில்லை. பதினாலு வருடம் கழித்து, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அப்போதும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

எஞ்சியவையும் எரிந்தவையும்

இந்தப் படங்களில் எத்தனையோ இன்று இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைத்திரேற்றால் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும், வைத்திருந்தாலும் உக்கிப்போகும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கியவையும் உண்டு. மைக்கல் பவலின் முதற் படமான 'டூ க்ரவுடட் அவர்ஸ்' (1931) அழிந்தது. அதே ஆண்டு வந்த முதலாவது தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' படத்துக்கும் ஒரு பிரதி இல்லை. பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 1935இலேயே படக் காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. 2010இல், காணாமற்போன 75 படங்களின் பட்டியலை வெளியிட்டு, உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் தாருங்கள் என்று மக்களைக் கேட்டது. சில கிடைத்தன.

எங்கட இழப்பு வேறு மாதிரி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. உக்கியதைத் திருத்தலாம், எரிந்ததை என்ன செய்வது?

இந்தப் பழைய படங்களைப் பார்க்க விரும்புவோர் வற்றேர்லூவில் உள்ள பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் சவுத்பாங்க் அரங்குக்குப் போகலாம். 2015 முதல் 'டோக்கிங் பிக்சர்ஸ்' என்ற ரீவி அலைவரிசையிலும் பல வந்திருக்கின்றன. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள்.

அதோடு ஒரு வேண்டுகோள். 1980களிலும் 90களிலும் லண்டன் ஹோல்களில் நடந்த எங்கட நாடகங்கள், அரங்கேற்றங்கள், கலியாணங்கள் வீடியோக் கசற்றுகளில் கிடக்கின்றன. காந்த நாடாவும் காலப்போக்கில் கெட்டுப்போகும். அவற்றை இப்போதே மாற்றிப் பதியுங்கள். ஆர், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பிறந்த ஊரையும் வந்த வழியையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். திருத்தமான தமிழும் வேண்டாம், திருத்தமான ஆங்கிலமும் வேண்டாம். அவரவர் பேச்சில் இருக்கட்டும்.

சித்திரை பிறக்கும் நாளில் கைவிசேடம் வாங்கப் பிள்ளைகள் அம்மம்மா, அப்பப்பாமாரிடம் வருவார்கள். அன்றைக்கே தொடங்கலாம். வாசகர் எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.