வேலியும் கடவும்

வேலி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. பயிரைக் காக்கும் அடைப்பு ஒன்று. இருபது மா கொண்ட நில அளவு மற்றொன்று. சோழர் கல்வெட்டுகள் பல விளைநிலத்தை வேலிக் கணக்கில் குறிக்கின்றன. அச்சோழரின் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் இருப்பதை நாம் அறிவோம்.

ஆயினும், பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் பெரும்பகுதி மழையை நம்பிய புன்செய். இத்தகைய நிலங்களில் வேலி கட்டுவதென்பது ஆண்டுதோறும் நிகழ்ந்த வேலை. விதைப்புக் காலத்தில் முள் வெட்டி, கவைக்கோலால் தள்ளிச் சென்று, வரப்போரம் அடைப்பர். சிலர் மழைக்கு முன்னே கிளுவைப் போத்துகளை ஊன்றுவர். அவை வேர்விட்டு உயிர்வேலியாகும். அறுவடை முடிந்ததும் காய்ந்த முள் அடுப்புக்குப் போகும். தாள் நின்ற நிலம் ஊர் ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்குத் திறந்துவிடும். பயிருள்ளவரை மட்டுமே நின்ற வேலி அது.

கிடைக்காரரின் வேலியோ தோளில் சுமந்து செல்லத்தக்கது. படல்களை வளைத்து நிறுத்தி இரவில் ஆடுகளை அடைப்பர். அடுத்த நாள் இடம் மாற்றுவர். புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு எருவாயின. கிடைக்காரருக்குக் கூலியாகத் தானியம் கிடைத்தது.

வேலி தாண்டிய மாட்டுக்கு யார் பொறுப்பு? ஆங்கிலேயர் ஆட்சியில் 1871-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறல் சட்டம், அப்பொறுப்பை மாட்டுக்காரர் மேல் சுமத்தியது. பயிரை அழித்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கலாம். உடையவர் தண்டமும் தீனிச் செலவும் கட்டி மீட்க வேண்டும். மீட்காவிடில் அது ஏலத்துக்குப் போகும். ஏழைக்கு இது பேரிழப்பன்றோ? அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகள் பலவற்றில் வழக்கம் நேர்மாறாக இருந்தது: பயிர் செய்பவரே வேலி அடைத்துக்கொள்ள வேண்டும். அத்தேவைக்கு மரம் போதாத சமவெளியில்தான், 1874-இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி விரைந்து பரவியது.

அக்கம்பி இன்று நம் புன்செய்க்கும் வந்துவிட்டது. குத்தகை பேசி வேலையெடுக்கும் குழுவினர் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுக்கின்றனர். இதுவும் தேர்ந்த தொழிலே. மூலைக் கல்லுக்கு முட்டுக்கால் சரியாகக் கொடாவிடில் வரிசை முழுதும் தொய்ந்துவிடும். காட்டுப்பன்றியாலும் ஆள் பற்றாக்குறையாலும் தவிக்கும் உழவர் இதனை நாடுவதில் குற்றமில்லை.

ஆனால் கல்லுக்கால் அறுவடையோடு அகல்வதில்லை. நிலமின்றி நான்கு ஆடுகளை மட்டுமே நம்பி வாழும் கைம்பெண்ணுக்கு, தாள்நிலம் ஆண்டு முழுதும் அடைபட்டால் மேய்ச்சல் எங்கே? இம்மண்ணின் ஏலாக்குறிச்சிக்கு வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டார். அங்குள்ள அன்னையை அடைக்கல மாதா என்கிறோம். காவலும் அடைக்கலமும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது நம் சிந்தனைக்குரியது.

புதிதாய் வேலி இடுவோர், குத்தகை பேசும்போதே ஆடு நுழையுமளவு ஒரு கடவு வைக்கச் சொல்லலாம். பயிர்க் காலத்தில் அது பூட்டிக் கிடக்கட்டும். அறுவடைக்குப் பின் திறந்தால் அவளுடைய ஆடு பசியாறும். நம் நிலமும் எருப் பெறும்.