சுக்கான் அறைப் படகுகளும் மறுவிற்பனையும்
சியாட்டில் பகுதியிலிருந்து அலாஸ்கா நோக்கித் தீவுகளுக்கிடையே செல்லும் உட்கடல் வழியில் கோடையிலும் மழையும் குளிரும் வாட்டுவதால், மீன்பிடிப் படகுகளிலும் இழுவைப் படகுகளிலும் சுக்கான் பிடிப்பவர் கண்ணாடிச் சன்னல்கள் சூழ்ந்த, சற்றே உயர்ந்த அறைக்குள் நின்றே கலம் செலுத்தினர். 'பைலட்ஹவுஸ்' எனப்படும் அவ்வறை உல்லாசப் படகுகளிலும் இடம்பெற்றது. இத்தகைய படகுகள் மறுவிற்பனைக்கு வந்தபோது, மரக்கலத்தைப் பழையதாக வாங்குவோரின் பேரச்சம் உளுத்த பலகையே. கண்ணாடியிழையைப் பிசினில் தோய்த்து வார்க்கும் உடற்கூடு அவ்வச்சத்தைத் தணித்தது. கிராண்ட் பேங்க்ஸ் என்னும் உல்லாசப் படகுகளும் 1973-இல் மரத்திலிருந்து அதற்கு மாறின. ஆயினும் அச்சம் முற்றிலும் அகலவில்லை: அழகுக்காகப் பதித்த தேக்குத் தளத்தின் திருகாணித் துளைகள் வழியே நீர் கசிந்து உள்ளடுக்கு மரத்தை அழுகச் செய்தது, ஒருவகையில் முரண்நகையே. எனவே விலை முடிவாகும் முன், படகைக் கரையேற்றி, சிறு சுத்தியலால் தட்டி, ஓசை மழுங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளும் ஆய்வாளரின் பணி தொடர்ந்தது.