தேஜோ ஆற்றங்கரையில் மூன்று தமிழர்

லிஸ்பன் நகரில் நாங்கள் தங்கிய சிறு விடுதியின் உரிமையாளரான மூதாட்டி, முதல் நாள் மாலை எங்களிடம் ஒரு கொத்தை நீட்டி, ‘ஷாவ்’ என்றார். அது சாவி. பின்னர் சுவரிலிருந்த சன்னலைக் காட்டி ‘ஜனெலா’ என்றார். அறை நடுவே இருந்த மேசையைத் தொட்டு ‘மேசா’ என்றார். போர்ச்சுகீசிய மொழியில் ஒரு சொல்லும் கற்றறியாத எங்களுக்கு அவர் சொன்ன அனைத்தும் விளங்கின. பவானியில் என் வீட்டுச் சன்னலும் சாவியும் மேசையும் எங்கிருந்து பெயர் பெற்றன என்பதை அந்த அறையில்தான் உணர்ந்தேன்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்தில் லிஸ்பனில் நடைபெற்ற உலக இளையோர் நாள் நிகழ்ச்சிகளுக்கு, இளையோருக்குத் துணையாகச் சென்ற மூத்தோருள் நானும் ஒருவன். தூத்துக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், யாழ்ப்பாணத்தில் பிறந்து பாரிசில் வாழும் அன்பர் ஒருவரும் அங்கே எனக்கு நண்பர்களாயினர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஆகஸ்டு 6-ஆம் நாள் நிறைவுத் திருப்பலி நிறைவேற்றி உரோமைக்குத் திரும்பினார். பெருங்கூட்டம் கலைந்தபின் எங்களுக்கு ஒரு நாள் எஞ்சியிருந்தது. அந்த ஒரு நாளில் நகரைச் சுற்றிப் பார்ப்பதென மூவரும் முடிவு செய்தோம்.

காலையில் முதலில் சென்றது கார்மெல் சபையாரின் பழைய கோவிலுக்கு. அதற்குக் கூரை இல்லை. 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்த வேளையில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து கடல் பொங்கியது. பின்னர் நாட்கணக்கில் நகரம் எரிந்தது. அரண்மனை நூலகமும், இந்திய வாணிபத்தின் ஆவணங்களும் அழிந்தன. அந்த அழிவின் நினைவாகவே கார்மெல் கோவிலின் வளைவுகள் வானத்தைப் பார்த்தபடி விடப்பட்டுள்ளன. பெரும் நகரங்களும் ஒரு காலைப் பொழுதில் மண்ணாகலாம் என்பதை அந்தக் கற்கள் பேசாமல் பேசுகின்றன.

அங்கிருந்து டிராம் வண்டியில் ஆற்றோரமாக மேற்கே சென்று பெலேம் என்னும் பகுதியில் இறங்கினோம். பெலேம் என்பது பெத்லகேமின் போர்ச்சுகீசிய வடிவம். தேஜோ ஆறு கடலோடு கலக்குமுன் அவ்விடத்தில் அகன்று விரிகிறது. காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கரை உடனே பிடித்துப்போயிற்று. அங்கிருந்துதான் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497-இல் புறப்பட்டன. அந்த நகரிலிருந்தே 1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தமது முப்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, புனித பிரான்சிஸ் சவேரியாரும் கப்பலேறினார்.

ஆற்றங்கரையில் ஜெரோனிமோஸ் துறவு மடம் நிற்கிறது. மன்னர் முதலாம் மனுவேல் தொடங்கிய கட்டடம் அது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்குகளின்மேல் விதித்த, இருபதில் ஒரு பங்கு வரிப்பணம் அதற்குச் செலவாயிற்று. ‘நம்முடைய மிளகு கட்டிய கோவில்’ என்றார் தூத்துக்குடி ஆசிரியர். அச்சொல்லில் பெருமிதம் பாதி, வருத்தம் பாதி. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை நுழைவாயிலருகே உள்ளது. 1524-இல் கொச்சியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அவருடைய எச்சங்களைப் பின்னர் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பீடத்தின் அருகே மன்னர் மனுவேலும் அவர் மகன் மூன்றாம் ஜோவானும் உறங்குகின்றனர். அவர்களுடைய கல்லறைகளைப் பளிங்கு யானைகள் தாங்குகின்றன. ஐரோப்பிய மன்னரின் உடலைத் தாங்கி நிற்கும் யானைகளைக் காண்கையில், பாரம் சுமந்த கீழை நாடுகளின் நினைவு எவருக்குத்தான் வாராது?

வெளியே வந்து, 1960-இல் எழுப்பப்பட்ட கடற்பயண நினைவுச் சின்னத்தைக் கண்டோம். கப்பலின் முகப்புப் போன்ற அந்தக் கல்லில் இளவரசரும் மாலுமிகளும் கவிஞரும் குருக்களுமாக முப்பத்து மூன்று உருவங்கள் உள்ளன. சவேரியாரும் இருக்கிறார். அவரைக் கண்டு மூவரும் சிலுவை அடையாளமிட்டோம். இந்தியர் ஒருவரும் அந்த வரிசையில் இல்லை.

அப்போதுதான் யாழ்ப்பாண நண்பர், “இனி ஒரு கதவை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்” என்றார். எங்களை மீண்டும் துறவு மடத்துக்கே அழைத்துச் சென்றார். அக்கட்டடத்தின் மேற்குப் பகுதியில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. சீரமைப்புப் பணிக்காக அது அப்போது மூடப்பட்டிருந்தது. மூடிய கதவின்முன் எங்களை நிறுத்தி, அவர் சொன்ன வரலாறே அன்று நாங்கள் கண்ட அனைத்திலும் பெரிதாக எனக்குத் தோன்றுகிறது.

அந்த அருங்காட்சியகத்துக்கு உரிய செல்வங்களுள் ஒரு சிறு நூல் உண்டு. 1554-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், மூன்றாம் ஜோவான் மன்னரின் ஆணைப்படி, லிஸ்பனில் ஜெர்மான் கலார்து என்பவரின் அச்சகத்தில் அச்சான நூல் அது. ‘கார்த்தில்யா’ என்று அழைக்கப்படும் அந்நூல், சிலுவை அடையாளம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாசப் பிரமாணம் முதலிய அடிப்படைச் செபங்களைத் தமிழிலும் போர்ச்சுகீசியத்திலும் தருகிறது. தமிழ் எழுத்துகள் அன்று வார்க்கப்படவில்லை. ஆகவே தமிழ்ச் சொற்கள் இலத்தீன் எழுத்துகளிலேயே, சிவப்பும் கறுப்புமாகிய இரு மைகளில் அச்சிடப்பட்டன. இந்திய மொழி எதுவும் அச்சேறியதற்கு இன்று நமக்குக் கிடைக்கும் முதற்சான்று அதுவே. கொல்லத்தில் 1578-இல் இயேசு சபை அருட்தந்தை என்றிக்கே என்றிக்கஸ் தமிழ் எழுத்திலேயே வெளியிட்ட ‘தம்பிரான் வணக்க’த்துக்கு அது இருபத்து நான்கு ஆண்டுகள் மூத்தது.

அந்நூலை ஆக்கியவர் யாவர்? விசெந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்று மூவரின் பெயர்கள் அதில் உள்ளன. பெயர்கள் போர்ச்சுகீசியப் பெயர்கள்; ஆட்களோ தமிழர்கள். இலங்கையில் பணியாற்றிய ஜோவான் த வில்லா தொ கோந்தே என்னும் பிரான்சிஸ்கன் சபைக் குரு அவர்களுடைய பணியை மேற்பார்வையிட்டார். திருமுழுக்கில் பெற்ற பெயர்களையே நூல் தருகிறது. தாயும் தந்தையும் இட்டு அழைத்த பெயர்களைத் தரவில்லை.

“என் குடும்பப் பெயரும் அப்படித்தான் வந்தது, ஐயா” என்றார் தூத்துக்குடி ஆசிரியர். முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-ஆம் ஆண்டு தொடங்கித் திருமுழுக்குப் பெற்றபோது ஏற்ற பெயர்கள் இன்றும் அக்கரையில் வழங்குகின்றன.

இந்நூலைத் தமிழ் அறிஞரின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் தனிநாயக அடிகளார் முதன்மையானவர். 1958-இல் தமிழின் முதல் அச்சு நூல்களைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா 1967-இல் புதுச்சேரியிலிருந்து இந்நூலை ஆய்வுரையோடு பதிப்பித்தார். அடிகளாரைச் சிறுவனாக இருந்தபோது கண்டதாக யாழ்ப்பாண நண்பர் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

நாங்கள் நூலைக் காணவில்லை, கதவைத்தான் கண்டோம். ஆயினும் ஒன்றை எண்ணி வியந்தேன். அந்நூலை அச்சிட ஆணையிட்ட மன்னர், அதே கட்டடத்தில் யானைகளின்மேல் உறங்குகிறார். அவரைக் காண வரிசையில் நிற்போர் ஆயிரம் பேர். அவர் ஆணையை நிறைவேற்றித் தம் தாய்மொழியைத் தந்த மூவருக்கோ அந்நகரில் ஒரு கல்லும் இல்லை. நிலநடுக்கத்திலும் தீயிலும் எத்தனையோ பெருநூல்கள் அழிந்துபோன நகரில், அவர்களுடைய சிறு செபநூலின் ஒரு படி மட்டும் பிழைத்திருக்கிறது.

விசுவாசம் கப்பலில் வந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கப்பலில் வந்தவர்கள் குருக்கள். அவர்கள் வாயில் தமிழை வைத்தவர்கள் நம் மக்கள். முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று கற்பித்ததை 1544-இல் எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். அவருக்குச் சொல் தந்த அம்மனிதர்களும் பொதுநிலையினரே. தமிழில் தேர்ந்த முதல் ஐரோப்பியர் எனப் போற்றப்படும் என்றிக்கஸ் அடிகளாரும் தமிழர்களிடம் பாடம் கேட்டே தமிழ் கற்றார்.

நம் கொங்கு நாட்டுக்கு இது அயல்நாட்டுக் கதையன்று. தத்துவ போதகர் எனப்படும் தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து வடக்கே சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அவர் காலம் முதல், குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டினாலே பெரிதென்னும் நிலையில் நம் சிற்றூர்கள் பல இருந்தன. எஞ்சிய நாட்களில் குழந்தைகளுக்குச் செபம் சொல்லித் தந்தவரும், சாகக் கிடந்தவரின் காதில் இயேசுவின் பெயரை ஓதியவரும், புதைக்கும்போது மன்றாடியவரும் உபதேசியாரே. பங்குகள்தோறும் வெளியாகும் நூற்றாண்டு விழா மலர்களை எடுத்துப் பாருங்கள். பணியாற்றிய குருக்களின் படங்கள் ஆண்டு வரிசையில் இருக்கும், அது முறையே. உபதேசியாரின் பெயர் எத்தனை மலர்களில் இருக்கிறது? லிஸ்பனின் நினைவுக் கல்லில் நம்மவர் இல்லையே என்று நான் குறைப்பட்டேன். நாமே எழுப்பும் நினைவுக் கற்களில் நம்மவர் இருக்கிறார்களா என்று அப்போது என் மனச்சான்று என்னைக் கேட்டது.

ஊர் திரும்பிய பின் செய்த முதல் வேலையைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் பகுதியிலுள்ள முதியோர் சிலரின் வீடுகளுக்கு ஒரு குறிப்பேட்டோடு சென்றேன். தமக்குச் செபம் கற்பித்தவர் யார், அவர் எந்த ஊர், அவருக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்டேன். இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் நான்கு பெயர்கள் பெண்களுடையவை. கேட்பார் இருக்கும் வரையில்தான் சொல்வாரும் இருப்பர். ஆகவே இதைப் படிக்கும் அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் பங்கில் இவ்வாறு ஒரு குறிப்பேட்டைத் தொடங்க வேண்டுமென வேண்டுகிறேன். தேஜோ ஆற்றங்கரையில் தமிழை அச்சேற்றிய அந்த மூவரின் வீட்டுப் பெயர்களை இனி நாம் கேட்டறிய முடியாது. காவிரிக் கரையில் நமக்குச் செபம் கற்பித்தவர்களின் பெயர்களையாவது கேட்டறியலாம்.